பந்தயக் குதிரையும் ஊர் வணிகமும்: சிராங்கூன் சாலையை வைத்து ஓர் எளிய விளக்கம்

சிராங்கூன் சாலையைச் சுற்றி அமைந்த சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா எப்படி உருவானது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்று கிடைக்கும். ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ் நகரத்தை வகுத்தபோதே அந்தப் பகுதியை இந்தியர்களுக்கென ஒதுக்கிவிட்டார் என்பது ஒன்று. ஆங்கிலேயர்கள் அங்கே குதிரைப் பந்தயத் திடல் அமைத்தார்கள், பந்தயத்தில் புரண்ட பணத்தால் கடைகள் பெருகின என்பது மற்றொன்று. முதல் விடையை எளிதில் தள்ளிவிடலாம். 1822-ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் இந்தியர்களுக்குக் குறிக்கப்பட்ட சூலியா கம்பம் (கம்பம் என்றால் குடியிருப்பு) சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருந்தது. சிராங்கூன் சாலைப் பகுதி யாருக்கும் அப்படி ஒதுக்கப்படவில்லை. இரண்டாவது விடையில் பாதி உண்மை கலந்திருப்பதால் அதைப் பிரித்துப் பார்ப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும்.

அந்தப் பாதியைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் வேலை. பொருளியல் படித்திராதவர்களும் தொடரக்கூடிய வகையில், ஒரு விளையாட்டுத் திடல் தன்னைச் சுற்றியுள்ள ஊரின் வணிகத்தை எந்த வழியில் தொடுகிறது, எந்த வழியில் தொடுவதில்லை என்பதைப் பார்ப்போம்.

திருவிழாக் கடையும் பூக்கடையும்

தேர்த்திருவிழா நடக்கும் ஊரில் இரண்டு வகை வியாபாரம் உண்டு. கொடியேறியதும் வளையல் கடை, மிட்டாய்க் கடை, ராட்டினம் எல்லாம் வந்து சேரும். கொடி இறங்கியதும் அவை அடுத்த ஊருக்குப் போய்விடும். கோயில் மதிலோரம் பூக்கட்டுபவரும் தேங்காய் விற்பவரும் வேறு வகையினர். திருவிழாவில் அவர்களுக்கும் கூடுதல் வருமானம் உண்டு என்றாலும், அவர்கள் அந்தத் தெருவிலேயே வீடெடுத்துக் குடியிருப்பதற்குக் காரணம் அன்றாடப் பூசை. தேரைப் பார்க்க வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து அந்தத் தெருவின் பொருளாதாரத்தை அளந்தால் கணக்குத் தப்பும்.

பந்தயத் திடலும் இப்படித்தான். அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் பந்தயப் பருவம் ஆண்டில் ஓரிரு முறைதான் வந்தது. ஒவ்வொரு பருவத்திலும் பந்தயம் ஓடிய நாட்கள் மிகச் சில. ஆனால் குதிரை எல்லா நாளும் தின்றது. ஆண்டில் ஆறு நாள் பந்தயம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், எஞ்சிய 359 நாட்களும் அதற்குப் புல்லும் தண்ணீரும் படுக்கை வைக்கோலும் ஆளும் வேண்டும்.

திடல் வந்த விதம்

சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் 1842-இல் தொடங்கப்பட்டது. வில்லியம் ஹென்றி ரீட் என்ற வணிகர் அதன் நிறுவனர்களுள் ஒருவர். சிராங்கூன் சாலைக்கு அருகில், பின்னாளில் ஃபேரர் பார்க் என்று பெயர் பெற்ற சதுப்பு நிலத்தைச் சீர்ப்படுத்தி ஓடுதளம் அமைத்தார்கள். முதல் பந்தயம் 1843 பிப்ரவரி 23 அன்று நடந்தது. முதற்கோப்பையின் பரிசு 150 வெள்ளி (டாலர்). அதை வென்றவரும் ரீட்தான். நிறுவனரே குதிரை உரிமையாளர், அவரே வெற்றியாளர் என்பதிலிருந்து அந்த உலகம் எவ்வளவு சிறியது என்று ஊகிக்கலாம். தொடக்க காலப் பந்தயம் ஒரு சில ஐரோப்பிய வணிகர்களும் அதிகாரிகளும் தங்களுக்குள் நடத்திக்கொண்ட பொழுதுபோக்கு. அதைச் சுற்றி ஐரோப்பியர் சிலர் வீடு கட்டிக் குடியேறினார்கள், சாலைகள் திருந்தின. ஒரு வணிக வட்டாரத்தை எழுப்புவதற்கு அது மட்டும் போதாது.

பந்தயப் பணம் எங்கே போகிறது?

‘பந்தயத்தில் புரண்ட பணம்’ என்று சொல்லும்போது நாம் இரண்டு வேறு பணங்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம்.

ஒருவர் நூறு வெள்ளி கட்டித் தோற்கிறார், இன்னொருவர் அதை வெல்கிறார் என்றால் பணம் ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்குப் போயிருக்கிறது. புதிதாக எந்தப் பொருளும் விற்கவில்லை, எவருக்கும் வேலையும் கிடைக்கவில்லை. இதைக் கைமாறும் பணம் என்று அழைப்போம். வென்றவர் அதைக் கொண்டு தையற்காரரிடம் சட்டை தைத்துக்கொண்டால் தையற்காரருக்கு வருமானம்தான். ஆனால் தோற்றவர் அதே பணத்தில் தைத்திருக்கக்கூடிய சட்டை தைக்கப்படாமல் போயிருக்கும். ஊர் முழுவதற்கும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் பெரிய மாற்றம் இராது. வெளியூரிலிருந்து வந்தவர் தோற்றுவிட்டுப் போனால் சிறிது லாபம், வென்றுவிட்டுப் போனால் சிறிது நட்டம்.

இரண்டாவது, குதிரையைப் பராமரிக்கச் செலவிடப்படும் பணம். இது புல்லுக்காகவோ லாடத்துக்காகவோ கூலிக்காகவோ கொடுக்கப்படுகிறது. கொடுத்த இடத்தில் ஒரு பொருளோ ஓர் உழைப்போ பிறக்கிறது. இதைச் செலவுப் பணம் என்று சொல்லலாம். செய்தித்தாளிலும் பேச்சிலும் இடம்பிடித்தது முதல் வகை. ஊரின் கடைத்தெருவுக்குச் சோறு போட்டது இரண்டாவது வகை. பந்தயம் ஊரை வளர்த்தது என்பவர்களும், பந்தயம் ஊரைக் கெடுத்தது என்பவர்களும், இருசாராருமே முதல் வகையை மட்டும் பார்த்துக்கொண்டு வாதிடுவதை அடிக்கடி காணலாம்.

ஒரு குதிரையின் அன்றாடக் கணக்கு

பந்தயம் நடக்க வேண்டும் என்ற விருப்பத்திலிருந்து குதிரைக்கான தேவை பிறக்கிறது. குதிரைக்கான தேவையிலிருந்து தீனிக்கான தேவையும், தீனிக்கான தேவையிலிருந்து அரிவாளுக்கும் வண்டிக்கும் ஆளுக்குமான தேவையும் பிறக்கின்றன. ஒன்றை வேண்டுவதால் இன்னொன்றுக்கு எழும் இத்தகைய தேவையை வழித்தேவை என்பார்கள். புல்லறுப்பவருக்குக் குதிரைப் பந்தயத்தில் ஆர்வமே இல்லாதிருக்கலாம்; அவருடைய வருமானம் அந்த ஆர்வத்திலிருந்து வழிவழியாக இறங்கி வந்ததுதான்.

அளவுகளைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். குதிரை ஒன்று தன் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கு உலர்தீனியை நாள்தோறும் தின்னும். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 9 கிலோ; ஆண்டுக்கு மூன்று டன்னுக்கும் மேல். பச்சைப் புல்லில் பெரும்பகுதி நீர் என்பதால், அதே அளவு சத்தைப் பச்சைப் புல்லாகவே கொடுப்பதென்றால் நாளொன்றுக்கு நாற்பது கிலோ வரை அறுத்துச் சுமக்க வேண்டியிருக்கும். குடிக்க 25 முதல் 45 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும், வெப்பமண்டலத்தில் உழைக்கும் குதிரைக்கு இன்னும் கூடுதலாக. ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தை மாற்ற வேண்டும். நாளொன்றுக்கு இருபது கிலோவுக்குக் குறையாத சாணத்தை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். அருகில் காய்கறித் தோட்டம் இருந்தால் அதுவும் விலைபோகும் பொருள்.

இந்தச் செலவுகள் சிங்கப்பூரில் வேறிடங்களைவிட அதிகமாகவே இருந்தன. தீவில் இயற்கையாகக் குதிரை கிடையாது. வண்டி இழுக்கும் மட்டக்குதிரைகள் சுமத்ரா, ஜாவா, பர்மாப் பக்கங்களிலிருந்து வந்தன. பெரிய குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்தன. பிற்காலத்தில், அதுவரை எந்தப் பந்தயத்திலும் ஓடாத ஆஸ்திரேலியக் குதிரைகளைக் கிளப்பே மொத்தமாக வரவழைத்து, முன்பணம் கட்டிய உறுப்பினர்களிடையே சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுத்தது. அப்படி வந்த குதிரைகளுக்கு கிரிஃபின் என்று பெயர். தீனியிலும் கடலை போன்ற தானியங்கள் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. எடை மிகுந்ததும் விரைவில் வாடுவதுமான புல்லை மட்டும் தொலைவிலிருந்து கொண்டுவர முடியாது. அதனால் புல் எங்கே விளைகிறதோ அங்கேயே, அல்லது அரைநாளில் தலைச்சுமையாக வந்து சேரும் தொலைவில், குதிரை நிற்க வேண்டும்.

குதிரையைக் கவனிப்பதும் தனித்தொழில். சிங்கப்பூரில் குதிரைக்காரர்களாகவும் பழக்குபவர்களாகவும் பெயர் பெற்றவர்கள் ஜாவாவுக்கு வடக்கேயுள்ள பாவியன் தீவிலிருந்து வந்த போயானியர்கள். ரோச்சோர் ஆற்றங்கரையில், ஜாலான் புசாருக்கும் சையத் அல்வி சாலைக்கும் இடையே அவர்களுடைய கம்பம் ஒன்று இருந்தது. அங்கிருந்து பந்தயத் திடலுக்கு நடந்தே வந்துவிடலாம்.

இதுவரை கண்டதைச் சேர்த்துப் பார்த்தால்: பந்தயத்தில் கட்டிய பணம் பெரும்பாலும் கைமாறும் பணம். ஊருக்குள் வேலையை உண்டாக்கியது பராமரிப்புச் செலவு. அந்தச் செலவு வழித்தேவையாகப் புல், நீர், கூலி என இறங்கி வந்தது. அது பந்தய நாளைச் சாராமல் ஆண்டு முழுவதும் ஓடியது.

திடல் காரணமா, அண்டைவீட்டானா?

இங்கேதான் பொதுவாக ஒரு தாவல் நிகழ்கிறது. திடலுக்கு அருகில் தொழில்கள் இருந்தன. ஆகவே திடலால்தான் தொழில்கள் வந்தன என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டும் அருகருகே இருப்பதற்கு மூன்றாவதாக ஒரு பொதுக் காரணம் இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சிராங்கூன் சாலைப் பகுதி தாழ்வான ஈரநிலம். ரோச்சோர் ஆறும் அதன் கிளை ஓடைகளும் அங்கே பாய்ந்தன. குட்டைகளும் புல்வெளிகளும் இருந்தன. நகரத்தின் நெருக்கமான வணிகப் பகுதியை விட்டு விலகியிருந்ததால் நாற்றமும் புகையும் எழுப்பும் தொழில்களை அங்கே நடத்த முடிந்தது; அதேசமயம் நல்ல சாலையொன்று நகரத்தோடு இணைத்ததால் சரக்கைக் கொண்டுபோகவும் முடிந்தது. பந்தயக்காரர்களுக்கு வேண்டியிருந்த அகன்ற சமநிலமும் புல்லும் எருமைக்கும் மாட்டுக்கும் செங்கல் சூளைக்கும் வேண்டியவையே. களிமண் இருந்ததால் அரசாங்கம் 1858-இல் சிராங்கூன் சாலையில் செங்கல் சூளை அமைத்து, இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளை வேலையில் அமர்த்தியது. சுண்ணாம்புக் காளவாய்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். அவர்களுடைய குடியிருப்பு சுண்ணாம்புக் கம்பம் எனப்பட்டது. இன்று பெரிதாக நிற்கும் வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்றே அழைத்தார்கள். சீனிவாசப் பெருமாள் கோயில் 1855-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் வளர்ந்துகொண்டிருந்த நகரத்தின் கட்டடங்களுக்குப் போயின. அவற்றுக்கும் பந்தயத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

ஆகவே பந்தயத் திடலை அந்த வட்டாரத்தின் தாய் என்பதைவிட முதலில் குடிவந்த அண்டைவீட்டுக்காரர்களில் ஒருவர் என்று சொல்வதே பொருந்தும். அது சாலையையும் வீடுகளையும் வேகப்படுத்தியது, கால்நடைத் தீனிக்கு ஒரு நிலையான வாடிக்கையாளராக இருந்தது. அதற்கு மேல் அதன் தலையில் சுமத்துவது மிகை.

மாடுகள் வந்த பிறகு

வட்டாரத்தை உண்மையில் நிறைத்தது கால்நடை வணிகம். இதை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் கதையின் எடை இங்கேதான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் மாட்டுக்கு மூன்று வேலைகள் இருந்தன. கிடங்குக்கும் கடைக்கும் இடையே சரக்கு வண்டியை இழுத்தது, பால் கொடுத்தது, இறைச்சியாகவும் தோலாகவும் மாறியது. பந்தயக் குதிரைக்கான விருப்பம் சில நூறு பேரின் விருப்பம். பாலும் இறைச்சியும் வண்டியும் ஊர் முழுவதற்கும் வேண்டும். அதனால் மாட்டின் வழித்தேவை குதிரையினுடையதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்ததில் வியப்பில்லை. கல்கத்தாவிலிருந்து வந்து குடியேறிய யூத வணிகரான ஐ. ஆர். பெலிலியோஸ் சிராங்கூன் சாலையில் கால்நடை வணிகம் நடத்தி இந்தியத் தொழிலாளர்கள் பலரை வேலைக்கு அமர்த்தினார். ஆன்ட்ரே டெஸ்கர் இறைச்சி வணிகத்தில் பொருள் சேர்த்தார். அவ்விருவர் பெயரிலும் இன்று அப்பகுதியில் சாலைகள் உள்ளன. சற்றுத் தள்ளி ரேஸ் கோர்ஸ் சாலையும் பஃபலோ சாலையும் கெர்பாவ் (மலாயில் எருமை) சாலையும் இருக்கின்றன. எருமைத் தொழுவங்கள் இருந்த தெருக்களும் பந்தயத் திடலுக்குப் போகும் சாலையும் இவ்வளவு நெருக்கமாக அமைந்திருப்பதை வரைபடத்தில் ஒருமுறை பார்த்தாலே விளங்கும்.

வழித்தேவையைப் பார்த்தோம்; இப்போது இரண்டாவது கருத்துக்கு வருவோம். ஒரு தொழில் இருக்கும் இடத்தில் இன்னொரு தொழில் மலிவாக நடக்க முடிகிறது, அது வந்ததால் மூன்றாவதும் மலிவாகிறது, இப்படித் தொழில்கள் ஓரிடத்தில் சேர்ந்துகொண்டே போவதைத் தொழில் திரட்சி என்பார்கள். சிராங்கூன் பகுதியில் எள் எண்ணெய் ஆட்டினார்கள், கோதுமை அரைத்தார்கள். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கும் கோதுமையில் எஞ்சும் தவிடும் கால்நடைக்குத் தீனி. தவிடு குதிரைக்கும் ஆகும். ஆலைக்காரருக்குக் கழிவு என்பது தொழுவக்காரருக்குச் சரக்காகிறது. இரண்டும் ஒரே தெருவில் இருந்தால் வண்டிக்கூலி மிச்சம்; எனவே ஆலைக்காரர் சற்றுக் கூடுதல் விலைக்கு விற்கவும் தொழுவக்காரர் சற்றுக் குறைந்த விலைக்கு வாங்கவும் ஒரே நேரத்தில் முடியும். முதலில் கேட்டால் முரண்போலத் தோன்றினாலும், இடையில் வண்டிக்காரருக்குப் போய்க்கொண்டிருந்த தொகையை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் முரண் மறைந்துவிடும்.

இறைச்சிக் கூடம் இருந்ததால் தோல் கிடைத்தது. தோலும் நீரும் இருந்த இடத்தைத் தேடித் தோல் பதனிடும் தொழில் வந்தது. தோல் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் சேணமும் கடிவாளமும் செய்பவருக்குப் பிழைப்பு உண்டு. மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிக்க, ஒரே கொல்லர் போதும். இங்கே பந்தயத் திடலின் பங்கு மறுபடியும் நுழைகிறது: குதிரை மட்டும் இருந்திருந்தால் கொல்லருக்கும் புல்லறுப்பவருக்கும் ஆண்டு முழுவதற்கும் போதிய வேலை இருந்திராது, மாட்டோடு சேர்ந்தபோது குதிரையும் அந்தத் திரட்சிக்குச் சற்றுப் பளுவைக் கூட்டியது. பந்தயக்காரருக்கும் லாபம், மாட்டு வணிகம் தீனிச் சந்தையைப் பெருக்கியதால் குதிரை வளர்ப்பது எளிதாயிற்று. யார் யாரைச் சார்ந்திருந்தார்கள் என்று கேட்டால், எண்ணிக்கையில் சிறுபான்மையான குதிரைதான் மாட்டை அதிகம் சார்ந்திருந்தது என்பேன்.

ஆட்கள் ஏன் தங்கினார்கள்?

கால்நடை வேலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு: விட்டுவிட்டுச் செய்ய முடியாது. விடியுமுன் பால் கறக்க வேண்டும், மாலையில் மறுபடியும் கறக்க வேண்டும். அதனால் வேலை செய்பவர் தொழுவத்துக்கு அருகிலேயே குடியிருந்தாக வேண்டும். அப்படிக் குடியிருந்தவர்களுக்கு அரிசியும் மிளகாயும் வேட்டியும் முடிவெட்டும் கடையும் வேண்டியிருந்தன. தொழிலாளரின் கூலி அவருடைய தெருவிலேயே மறுபடி செலவாகி, அந்தச் செலவு இன்னொருவருக்குக் கூலியாவதை இரண்டாம் சுற்று வருமானம் என்று குறிப்போம். கோயில் வந்தபின் பூவும் தேங்காயும், குடும்பங்கள் வந்தபின் நகையும் சேலையும் அந்தச் சுற்றில் சேர்ந்தன. 1915-இல் அதே வட்டாரத்தின் தேக்காவில் நகராட்சிச் சந்தை கட்டப்பட்டபோது அந்தச் சுற்று நன்றாகவே வேரூன்றியிருந்தது.

சுருக்கமாக மீண்டும்: ஈரநிலமும் சாலையும் பல தொழில்களை ஒரே இடத்துக்கு அழைத்தன. ஒன்றின் கழிவு மற்றொன்றுக்குச் சரக்கானதால் அவை திரண்டன. அவற்றில் உழைத்தவர்கள் அங்கேயே குடியிருக்க வேண்டியிருந்ததால் இரண்டாம் சுற்று வருமானம் பிறந்தது. பந்தயத் திடல் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி.

திடல் போனபின்

ஒரு காரணத்தைச் சோதிப்பதற்கு நல்ல வழி, அது நீங்கியபின் விளைவும் நீங்குகிறதா என்று பார்ப்பது. சிராங்கூன் சாலையில் வரலாறு இந்தச் சோதனையைத் தானே நடத்திக் காட்டியது. நகரம் நெருங்கி வந்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. திடல் குதிரைகளுக்குப் போதாமல் போயிற்று. (இடையில் 1911-இல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்ததும் அதே திடலிலிருந்துதான், அகன்ற சமநிலம் வேறு எவருக்கெல்லாம் பயன்பட்டது என்பதற்கு அது ஒரு சான்று.) 1924-இல் சிங்கப்பூர் டர்ஃப் கிளப் என்று பெயர் மாற்றிக்கொண்ட கிளப், 1933-இல் புக்கித் தீமாவில் புதிய திடலைத் திறந்து அங்கே இடம்பெயர்ந்தது. பழைய திடல் பொதுமக்களின் விளையாட்டு மைதானமாயிற்று.

சதுப்பு வடிக்கப்பட்டு மேய்ச்சல் சுருங்கியதாலும் நகராட்சியின் சுகாதாரக் கட்டுப்பாடுகளாலும் மாட்டுத் தொழுவங்களும் அந்த 1930-களில் மறைந்தன. வழித்தேவையை மட்டும் நம்பியிருந்த புல்லறுப்பும் லாடமும் அவற்றோடு போய்விட்டன. இரண்டாம் சுற்றில் பிறந்த மளிகையும் துணிக்கடையும் நகைக்கடையும் போகவில்லை. அவற்றின் வாடிக்கையாளர் மாடும் அல்ல, குதிரையும் அல்ல, அங்கே குடியிருந்த மனிதர்கள்.

புக்கித் தீமாவில் நடந்தது இதற்கு மறுபக்கம். பழைய திடலைவிடப் பெரியது அது. அங்கே அறுபத்தாறு ஆண்டுகள், 1999 வரை, பந்தயம் ஓடியது. பந்தயத்தில் கட்டிய பணமும் பழைய காலத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்குப் பெருகியது. ஆனால் அதைச் சுற்றி இன்னொரு சிராங்கூன் சாலை எழவில்லை. தீனி லாரியில் வந்து இறங்கியது, பக்கத்தில் மாட்டு வணிகமோ எண்ணெய் ஆலையோ தோல் தொழிலோ இல்லை, குதிரைக்காரர்கள் கிளப்பின் வளாகக் குடியிருப்பில் வாழ்ந்தார்கள்.